புயலுக்கு ஆயத்தமான நாளில் மீட்டர் அறையில் தீ: ஒரு நிகழ்வு ஆய்வு

பதிவைப் பற்றி

ஐந்து மாடி, முப்பது வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் நடந்தது இது. அப்போது குடியிருப்போர் சங்கச் செயலாளராக இருந்தவன் நான். ஆட்களின் பெயரையும் வீட்டு எண்களையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நேரங்களை வாட்ஸ்அப் செய்திகள், கைபேசி அழைப்புப் பட்டியல், வாசல் கேமராவின் பதிவு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு எழுதினேன். கேமரா 11.49க்கு நின்றுவிட்டது. அதற்குப் பிந்தைய நேரங்கள் ஒன்றிரண்டு நிமிடம் முன்பின் இருக்கலாம்.

பின்னணி

தரைத்தளம் முழுக்க வண்டி நிறுத்துமிடம். மேலே மாடிக்கு ஆறு வீடுகள். ஒரே படிக்கட்டு, ஒரே லிஃப்ட். படிக்கட்டுக்கு அடியில், முதல் வளைவுக்குக் கீழே, மீட்டர் அறை. முப்பது மீட்டர்களும், வயர்கள் வந்து சேரும் பேனல்களும் (மின் பலகைகள்), மோட்டர் பேனலும், மெயின் சுவிட்சும் அதற்குள்தான். மரக்கதவு, வெளிப்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல்.

இந்த அமைப்பில் உள்ள கோளாறு இப்போது பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. அணைக்க வேண்டிய சுவிட்ச், தீப்பிடிக்கக்கூடிய அறைக்குள்ளேயே இருந்தது. அந்த அறையின் புகை மேலே போகிற வழியும், நாங்கள் எல்லாரும் கீழே இறங்குகிற வழியும் ஒன்று. பதினோரு வருடம் அந்தக் கதவைக் கடந்துதான் ஏறி இறங்கினோம், ஒருவருக்கும் தோன்றவில்லை.

முந்தைய நாள் இரவு புயல் எச்சரிக்கை உறுதியானது. மறுநாள் நள்ளிரவை ஒட்டிக் கரையைக் கடக்கும், மாலையிலிருந்தே காற்று வலுக்கும், உச்சத்தில் மணிக்கு 90 கிலோமீட்டர் வரை வீசலாம் என்றார்கள். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது சுவரிலும் ஜன்னலிலும் தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். எனவே எங்கள் கவனம் முழுவதும் ஜன்னல்களிலும் மொட்டை மாடியிலும் இருந்தது. கட்டடத்தில் இருந்தவர்கள் 92 பேர். அந்த எண்ணிக்கைகூட அன்று பகலில் என்னிடம் இல்லை, பிறகு கூட்டிப் பார்த்தது.

காலை 6.30 முதல் 11.45 வரை

ஏழு பேர் கூடி ஒரு தாளில் பதினான்கு வேலைகளை எழுதினோம். மேல் தொட்டியை நிரப்புவது, மொட்டை மாடியில் இருக்கும் தொட்டிச் செடி, நாற்காலி, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் இறக்குவது, மாடிக் கதவைப் பூட்டி இடுக்கில் பிளாஸ்டிக் தாள் அடைப்பது, வாசலில் மணல் மூட்டை அடுக்குவது, எல்லாரையும் போன், பவர் பேங்க், இன்வெர்ட்டர் பேட்டரியை முழுதாக சார்ஜ் ஏற்றிக்கொள்ளச் சொல்வது. ஒவ்வொன்றும் சரியான வேலைதான். பதினான்கையும் ஒரே காலையில், ஒரே நேரத்தில் செய்யச் சொன்னதில்தான் பிசகு.

7.40க்கு இரண்டு மோட்டர்களையும் போட்டோம். அதே நேரத்தில் வீடுகளில் வாஷிங் மெஷின், வாட்டர் ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், பதினெட்டு வீட்டில் இன்வெர்ட்டர். மின்சாரம் எந்த நிமிடமும் போய்விடும் என்ற பதற்றத்தில் வழக்கமாக நாள் முழுக்கப் பரவி நடக்கும் வேலையெல்லாம் மூன்று மணி நேரத்துக்குள் நெருக்கியடித்து நடந்தது. லிஃப்ட் செடித் தொட்டிகளோடு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. மாடியிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டிகளையும் பழைய துணிப் பந்தலையும் வைக்க இடமில்லாமல் "இப்போதைக்கு இங்க இருக்கட்டும்" என்று மீட்டர் அறை வாசலில் போட்டோம். அதைச் சொன்னது நான்தான்.

இந்த நேரத்துக்குள் மூன்று அறிகுறிகள் வந்தன. மூன்றையும் தவறவிட்டோம்.

முதலாவது, 9.07க்கு குழுவில் வந்த செய்தி. நான்காம் மாடியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார்: "எங்க வீட்டு லைட் மட்டும்தான் இப்படி பளிச்சுனு எரிஞ்சு மங்குதா?" அதற்கு மூன்று பேர் கட்டைவிரல் போட்டார்கள். எங்களுக்கும் அப்படித்தான் என்று சொன்னார்களா, பார்த்துவிட்டோம் என்று சொன்னார்களா என்பது அவர்களுக்கே நினைவில்லை. அன்று காலை அந்தக் குழுவில் 212 செய்திகள் வந்திருந்தன. பெரும்பாலானவை புயல் எங்கே இருக்கிறது என்று காட்டும் படங்கள், அதிலும் ஒரே படம் ஐந்தாறு முறை.

இரண்டாவது, 9.50க்கு இரண்டாம் மாடியில் ஒரு சார்ஜர் படாரென்று வெடித்தது. "சைனா சார்ஜர்" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

மூன்றாவது, 10.30க்கு பெருக்க வந்த அக்கா என்னிடம் நேரில் வந்து சொன்னது.

"சார், படிக்கட்டுக்கு அடியில மீன் வாடை அடிக்குது சார். யாரும் எதுவும் கொட்டலையே?"

"மோட்டர் காலையிலேருந்து ஓடுதும்மா, சூடாயிருக்கும்."

வாடை சரி, காரணம் தவறு. சுவிட்ச், சாக்கெட் போன்றவற்றில் உள்ள சில வகைப் பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடானால் மீன் கவிச்சி போலவே வாடை வரும். மின் வேலை செய்பவர்களுக்கு இது பழகிய அடையாளம். எனக்கு அன்று தெரியாது.

விளக்கு மங்குவதும் பிரகாசிப்பதும் அதைவிடத் தெளிவான அடையாளம். மூன்று ஃபேஸ் இணைப்பில், அதாவது மின்சாரம் மூன்று கம்பிகளில் வரும் இணைப்பில், வீடுகளை மூன்றாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். மூன்றுக்கும் பொதுவான, மின்சாரம் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி சரியாக இருக்கும்வரை ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய வோல்டேஜ் போகும். நியூட்ரல் தளர்ந்தால் அந்தச் சமநிலை கெட்டுவிடும். அதிக சுமை உள்ள ஃபேஸில் வோல்டேஜ் இறங்கும், குறைந்த சுமை உள்ள ஃபேஸில் ஏறும். ஒரு வீட்டில் மங்கல், இன்னொரு வீட்டில் பளிச், வேறொரு வீட்டில் வெடித்த சார்ஜர். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருந்தால் ஒரு எலக்ட்ரீஷியனுக்கு ஐந்து நிமிட வேலை. தனித்தனியாகப் பார்த்ததால் மூன்றும் அற்பமாகத் தெரிந்தன.

இவ்வளவுக்கும் அந்த நான்காம் மாடி அம்மா மட்டும் ஒரு காரியம் செய்தார். அவருடைய மாமியாருக்கு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மின் மெஷின்) வைத்திருந்தார்கள். விளக்கு ஆடுவதைப் பார்த்ததும் மெஷினைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு, பாட்டியை 9.15க்கே சிலிண்டருக்கு மாற்றிவிட்டார். யாரும் பதில் சொல்லாததால் தானே முடிவெடுத்தேன் என்றார் பிற்பாடு.

தீ

11.48. நான் வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். பட்பட்டென்று ஒரு சத்தம், லிஃப்ட் நின்றது, மீட்டர் அறைக் கதவின் மேல் இடுக்கிலிருந்து கரும்புகை தாள் போல மடிந்து வெளியே வந்தது. கதவைத் திறந்தபோது பேனலின் நடுப்பகுதியில் ஒரு முழ உயரத்துக்குத் தீ. அப்போது அது சின்னத் தீதான்.

அடுத்த ஆறு நிமிடத்தில் நாங்கள் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். கார்பன் டை ஆக்சைடு அணைப்பானை எடுத்து அழுத்தினோம். இருமல் போல ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். வருடா வருடம் அதன் அட்டையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தோம். அந்த வகை அணைப்பானில் பிரஷர் காட்டும் முள் கிடையாது. எடைபோட்டு, உடம்பில் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழித்தால்தான் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். எடைபோட்டவர் யாருமில்லை.

காவலாளி அண்ணன் ஒரு மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். தீ வாளியில் மணல்தானே வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம். பெருக்கும் அக்கா கத்தினார்: "அண்ணே, ஈர மண்ணு அது! கிட்ட போகாதீங்க!" காலையில்தான் அந்த மணலை நனைத்து மூட்டை கட்டியிருந்தோம். கரண்டு ஓடிக்கொண்டிருந்த பேனல் மேல் அதை எறிந்திருந்தால் இந்தப் பதிவே வேறு மாதிரி ஆகியிருக்கும். அவர் மூட்டையை அப்படியே கீழே போட்டார்.

அப்புறம் வண்டி நிறுத்துமிடத்துத் தூணிலிருந்த பவுடர் அணைப்பானைக் கொண்டுவந்து அடித்தோம். தீ படிந்தது. "அணைஞ்சிடுச்சு" என்று சொல்லி வாய் மூடவில்லை, மறுபடி பற்றிக்கொண்டது. பவுடர் தீச்சுடரை அடக்கும், சூட்டைத் தணிக்காது. உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்வரை பற்றவைக்கும் பொறி நிற்காது. மெயின் சுவிட்சோ தீக்குப் பின்னால். இரண்டாவது முறை பற்றியபோது கதவும், வாசலில் நாங்கள் குவித்த அட்டைப்பெட்டிகளும் சேர்ந்து எரிந்தன.

தீயணைப்பு நிலையத்துக்கு நான் போன் போட்டது 11.54க்கு. பார்த்தவுடனே போட்டிருக்க வேண்டியது. நாமே அணைத்துவிடலாம், புயல் நாளில் அவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று நினைத்தேன். மின் அலுவலகத்து எண் தொடர்ந்து பிஸி. எல்லாரும் அன்று அவர்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 12.03க்குத்தான் ஆள் கிடைத்தார், 12.16க்கு வெளியிலிருந்து இணைப்பைத் துண்டித்தார்கள். தீயணைப்பு வண்டி 12.19க்கு வந்தது. வழியில் விழுந்து கிடந்த கிளையை அறுத்துத் தள்ளிவிட்டு வந்ததாகச் சொன்னார்கள்.

படிக்கட்டில் புகை

பிறகு நடந்த எங்கள் கூட்டங்களில் மிக அதிகமாக விவாதித்தது இந்த இருபத்தைந்து நிமிடங்களைத்தான்.

புகை படிக்கட்டில் ஏறி உச்சியில் தங்கிவிட்டது. மாடிக் கதவைக் காலையில்தான் பூட்டி, இடுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் திணித்திருந்தோமே. மழைத்தண்ணீர் உள்ளே வராமல் அடைத்த வேலை, புகை வெளியே போகாமலும் அடைத்தது. உச்சியில் நிறைந்த புகை கீழே கீழே இறங்கி, 12 மணிக்கு மூன்றாம் மாடிவரை வந்துவிட்டது. எரிந்தது பெரும்பாலும் வயர்களின் பி.வி.சி. பிளாஸ்டிக் உறை. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு மட்டுமல்ல, ஹைட்ரஜன் குளோரைடும் உண்டு. மூச்சில் பட்டதும் தொண்டை எரியும், கண் திறக்க முடியாது.

முதல் மாடி, இரண்டாம் மாடிக்காரர்கள் முதல் ஐந்து நிமிடத்திலேயே இறங்கிவிட்டார்கள். மேல் மாடிகளில் கதவைத் திறந்து பார்த்தவர்கள் பாதிப்பேர். இறங்கவா, இருக்கவா என்று போன் மேல் போன். துணைச் செயலாளரும் நானும் எடுத்த முடிவு: மூன்றாம் மாடியிலும் அதற்கு மேலேயும் இருப்பவர்கள் யாரும் படிக்கட்டுக்கு வரக்கூடாது. வீட்டுக்குள் இருந்து வாசற்கதவை மூடி, கீழ் இடுக்கில் ஈரத் துணியை அழுத்தி வைத்து, வெளிப்பக்கத்து ஜன்னலைத் திறந்து அங்கே நிற்க வேண்டும். தீ தரைத்தளத்து ஓர் அறையில் இருக்கிறது, சுவரும் தளமும் கான்கிரீட், ஆகவே மேலே தீ பரவ நேரமாகும், புகைதான் உடனடி ஆபத்து என்பது எங்கள் கணக்கு.

அது சரியாகத்தான் போனது. ஆனால் அதைச் சொன்ன விதம் சரியில்லை. குழுவில் எழுதியதை அப்போது எத்தனை பேர் படித்தார்கள்? 212 செய்திகளுக்குக் கீழே 213ஆவது. முடிவில் இரண்டு பையன்களைக் கட்டடத்தின் இரு பக்கமும் நிறுத்தி, ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக் கத்தச் சொன்னோம். "உள்ளேயே இருங்க! கதவ மூடுங்க!" அதுதான் வேலை செய்தது.

ஐந்தாம் மாடியில் ஒரு பெரியவர் மாடிக் கதவைத் திறந்துவிடுகிறேன் என்று கிளம்பினார். வேண்டாம் என்று போனில் தடுத்தேன். தீயணைப்பு அதிகாரியிடம் பிறகு இதைக் கேட்டபோது அவர் சொன்னது: கதவு திறந்திருந்தால் புகை மேலே போயிருக்கும், படிக்கட்டு சீக்கிரம் தெளிந்திருக்கும். ஆனால் அந்தக் கதவைத் திறக்கப் போகிறவர், புகை மிக அடர்த்தியாக இருக்கிற இடத்தில் நின்று பூட்டைத் தேட வேண்டியிருக்கும். அதனால் அன்று தடுத்தது சரி, காலையில் பூட்டியது தவறு என்றார்.

வந்து இறங்கியதும் அந்த அதிகாரி கேட்ட முதல் கேள்வி, தீ எங்கே என்பதல்ல.

"மேல எத்தனை பேர் இருக்காங்க?"

"ஒரு அறுபது பேர் இருக்கலாம் சார்."

"இருக்கலாம்னா? நடக்க முடியாதவங்க யாரு, எந்த வீடு?"

என்னால் இரண்டு வீட்டைத்தான் சொல்ல முடிந்தது. மூன்றாவதாக ஒருவர் இருந்தார். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவரை நான் மறந்தே போயிருந்தேன்.

இணைப்பு துண்டிக்கப்பட்டதா என்று உறுதிசெய்துகொண்டுதான் தண்ணீர் அடித்தார்கள். மீட்டர் அறை ஜன்னல் கண்ணாடியை உடைத்துப் புகையை வெளியேற்றினார்கள். 12.41க்குத் தீ முழுதாக அணைந்தது. முகமூடியோடு ஒருவர் ஏறி மாடிக் கதவைத் திறந்தார். 1.15க்குப் படிக்கட்டில் மூச்சுவிட முடிந்தது. காவலாளி அண்ணனுக்குத் தொண்டை எரிச்சலும் இருமலும் இருந்தன, மருத்துவமனையில் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். வேறு யாருக்கும் காயமில்லை.

புயலுக்கு முன் மிச்சமிருந்த நேரம்

மணி 1.15. காற்று 6 மணிக்கு மேல் வலுக்கும் என்றிருந்தது. கையில் ஐந்து மணி நேரம். மின்சாரம் இல்லை, லிஃப்ட் இல்லை, தொட்டியில் ஐந்தில் மூன்று பங்குத் தண்ணீர், அதாவது 12,000 லிட்டர். மீட்டர் அறையின் கதவு எரிந்துவிட்டது, ஜன்னல் உடைந்துவிட்டது.

முதலில் பாட்டி. முழுச் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் போனால் 750 நிமிடம், பன்னிரண்டரை மணி நேரம். 9.15க்கு ஆரம்பித்தது, இரவு 9.45வரை வரும். புயல் உச்சம் அதற்குப் பிறகு. மருமகள் இந்தக் கணக்கைக் காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டு வைத்திருந்தார். புதுச் சிலிண்டர் கொடுப்பவர்கள் மறுநாள்தான் வர முடியும் என்றார்கள். எனவே மருத்துவமனைக்கு மாற்றுவது என்று முடிவு. 3.10க்கு ஆம்புலன்ஸ் வந்தது. நாலு பேர் ஒரு கைவைத்த நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறங்கினோம். தரைத்தளத்துப் படிகளில் பவுடரும் தண்ணீரும் கலந்து வழவழவென்று கிடந்தது. கடைசி ஆறு படிகளுக்கு ஒருவர் முன்னால் போய்த் துண்டை விரித்துக்கொண்டே போனார். பாட்டி ஒன்றும் பேசவில்லை, நாற்காலிக் கையைப் பிடித்த பிடியை ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை விடவில்லை.

அடுத்தது மின்சாரம். வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் 2 மணிக்கு வந்து பார்த்துவிட்டு, "எரிஞ்சது நடு பேனல் மட்டும்தான். மெயின் கேபிள்லேருந்து நேரா மோட்டருக்கும் ரெண்டு மாடிக்கும் இழுத்துடலாம் சார். ஒரு மணி நேர வேலை. ஆபீஸ்ல பேசி லைன் குடுக்க வைக்கிறேன்" என்றார். ஒன்பது பேர் நின்று பேசினோம். நான்கு பேர் சரி என்றார்கள். அவர்கள் சொன்ன காரணங்கள் லேசானவை அல்ல: தொட்டி நிரம்பும், படிக்கட்டில் விளக்கு இருக்கும், புயல் முடிந்து எத்தனை நாள் இருட்டில் கிடப்போமோ தெரியாது.

ஐந்து பேர் வேண்டாம் என்றோம். நேரடி இணைப்பு என்றால் ஃபியூஸும் பிரேக்கரும் இல்லாத இணைப்பு. எங்காவது உரசினால் துண்டிக்க எதுவும் இருக்காது. ஜன்னல் இல்லாத அறைக்குள் இரவு மழை அடிக்கப்போகிறது. மூன்றாவது காரணத்தைச் சொன்னது இரண்டாம் மாடியில் இருக்கும் வேதியியல் ஆசிரியை. பி.வி.சி. எரிந்த புகை ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அது தீ படாத பேனல்களிலும் செம்பு மேல் படிந்திருக்கும், பார்க்கப் புதுசு போல இருப்பதை நம்பக்கூடாது என்றார். என்னைப் பொறுத்தவரை அதுவே முடிவு செய்தது. அவசரத்தில்தான் காலையில் தவறினோம், மாலையிலும் அவசரத்தில் ஒன்றைச் செய்ய வேண்டாம் என்ற எண்ணமும் இருந்தது. ஆனால் அதை ஒரு வாதமாகச் சொல்ல முடியாது.

மிச்ச வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். போய்த் தங்க இடமுள்ளவர்களைப் போகச் சொன்னோம், 5.30க்குள் 21 பேர் கிளம்பினார்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர் ஒருவரின் பிரிக்காத பாட்டில்களை அப்படிப் போனவர் ஒருவர் ஃபிரிட்ஜில் வைக்க எடுத்துப்போனார். பயன்பாட்டில் இருக்கும் பாட்டில் பெரும்பாலும் நான்கு வாரம்வரை அறை வெப்பத்தில் தாங்கும் என்று அவருடைய மருத்துவர் போனில் சொன்னார். தண்ணீர் வால்வைக் காலை அரை மணி, மாலை அரை மணி மட்டும் திறப்பது என்று வைத்தோம். ஜன்னலில் பலகை அடித்து மேலே தார்ப்பாய் கட்டினோம். மாடிக் கதவில் பூட்டு இல்லை, உள்பக்கத் தாழ்ப்பாள் மட்டும். 71 பேரின் பெயரை வீடு வாரியாக நோட்டில் எழுதி வாசலில் தொங்கவிட்டேன்.

இரவு

8 மணிக்குக் காற்று ஊளையிட ஆரம்பித்தது. 9.20க்கு மூன்றாம் மாடியில் ஓர் எஞ்சின் சத்தம். ஒரு வீட்டில் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரை வாங்கி வந்து பால்கனியில் ஓடவிட்டிருந்தார்கள். கதவைத் தட்டினோம்.

"பால்கனிலதானே தம்பி இருக்கு, வீட்டுக்குள்ள இல்லையே."

"காத்து இந்தப் பக்கம்தான் அடிக்குதுண்ணே. பொகை எல்லாம் உங்க வீட்டுக்குள்ளதான் வரும். வாடையும் தெரியாது."

ஜெனரேட்டரை ஜன்னல், கதவுகளிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில் வைக்க வேண்டும் என்பது பொதுவான விதி. புயலில் திறந்த வெளியில் வைக்க முடியாது, ஆகவே ஓட்டவும் முடியாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். பத்து நிமிடம் பேசி நிறுத்தவைத்தோம். அவர் கோபமாகத்தான் நிறுத்தினார்.

11 மணிக்குத் தார்ப்பாய் பிய்ந்தது, பலகையும் போனது. உச்சம் 11.40ஐ ஒட்டி. வண்டி நிறுத்துமிடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். மூன்று மணிக்குக் காற்று தணிந்தது. ஐந்தாம் மாடியில் இரண்டு ஜன்னல் கண்ணாடி உடைந்ததைத் தவிர மேலே சேதமில்லை. காற்றுக்காக நாங்கள் செய்த ஏற்பாடுகள் ஒழுங்காகவே நின்றன.

பிறகு தெரிந்தவை

இரண்டாம் நாள் மின் ஆய்வாளர் வந்தார். பிரதான பேனலில் நியூட்ரல் கம்பியை இறுக்கும் போல்ட் தளர்ந்திருந்து, சூடேறி, பக்கத்து முனையையும் பொசுக்கியிருக்கலாம் என்பது அவர் கருத்து. போல்ட்டின் தலை உருகி ஒரு கருப்பு மொட்டு போல இருந்தது. ஒரே மின்தடையில் மின்னோட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். (காற்றின் அழுத்தத்துக்கும் இதே வாய்ப்பாடுதான். ஒன்றை மனப்பாடமாக வைத்திருந்தோம், மற்றதை நினைக்கவே இல்லை.) செம்பு சூடேறினால் மேலே ஆக்சைடு படியும், தடை கூடும், சூடு இன்னும் ஏறும். இதில் பிரேக்கர் ஏன் விழவில்லை என்று கேட்டேன். பிரேக்கர் தன் வழியாகப் போகிற மின்னோட்டத்தைத்தான் பார்க்கும், எங்கோ ஒரு போல்ட் சூடாவது அதற்குத் தெரியாது என்றார். மாதக்கணக்கில் தளர்ந்திருந்த போல்ட் சாதாரண நாள் சுமையைத் தாங்கியிருக்கிறது. எங்கள் பதினான்கு வேலைகளைத் தாங்கவில்லை.

தீ படாத ஓரப் பேனலைத் திறந்து காட்டினார். முதல்நாள் மதியம் பளபளவென்று பார்த்த இரும்புத் திருகுகள் செந்துரு பிடித்திருந்தன. செம்புப் பட்டைகளின் ஓரத்தில் பச்சை. தரையில் கணுக்கால் அளவு சேறு, மீட்டர்களின் முகத்தில் மழைச் சாரல் வழிந்த கோடுகள். எலக்ட்ரீஷியன் இழுக்க நினைத்த கேபிள் அந்தச் சாரல் விழுந்த பாதையில்தான் போயிருக்கும்.

நான்காம் நாள் மாலை தற்காலிகப் பேனலில் மின்சாரம் வந்தது. தொட்டித் தண்ணீர் அன்று காலைவரை வந்தது. லிஃப்ட் நான்காம் மாடியில் நின்றிருந்தது, கதவைத் திறந்தபோது உள்ளே செடித் தொட்டிகள் அப்படியே இருந்தன. பாட்டி ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். கான்சென்ட்ரேட்டர் நன்றாக ஓடியது. அதே ஃபேஸில் இருந்த மற்ற வீடுகளில் இரண்டு டிவியும் ஒரு ஃபிரிட்ஜும் போயிருந்தன.

மாற்றியவை, மாற்றப்போகிறவை

பெரிய மாற்றம் வேலைப் பட்டியலில். தண்ணீர் ஏற்றுவது இனி எச்சரிக்கை வந்த இரவே. வீடுகள் மாடி வாரியாக முறைபோட்டு சார்ஜ் ஏற்றும், மோட்டர் ஓடும் நேரத்தில் ஹீட்டரும் அயர்ன் பாக்ஸும் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன், பேனலின் போல்ட் எல்லாவற்றையும் சோதித்து இறுக்க வேண்டும், வெப்பக் கேமராவால் பார்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். முதல் சோதனை முடிந்தது.

மீட்டர் அறை வாசலில் ஒரு காகிதம்கூட வைக்க அனுமதி இல்லை. அணைப்பான்களை எடைபோட்டு, எடையையும் தேதியையும் அட்டையில் எழுதுகிறோம். மாடிக் கதவு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும்படி மாற்றப்பட்டுவிட்டது. பெயர் நோட்டு வாசலிலேயே தொங்குகிறது, நடக்க முடியாதவர்களின் வீடு சிவப்பு மையில். தீ என்றால் முதலில் போன், அப்புறம்தான் அணைப்பான். இதை யாரும் எதிர்க்கவில்லை, ஆனால் பழகிக்கொள்ள ஒத்திகைதான் வழி. ஒருமுறை நடத்தினோம், வந்தவர்கள் பதினாறு பேர்.

வாட்ஸ்அப் விஷயத்தில் ஒரு தனிக் குழு தொடங்கினோம். கட்டடத்தில் ஏதாவது கோளாறு என்றால் மட்டும் அதில் எழுத வேண்டும், பார்க்கும் பொறுப்பு இருவருக்கு. கட்டைவிரல் பதிலாகாது என்றும் சொல்லியிருக்கிறோம். பெருக்கும் அக்காவையும் அதில் சேர்த்தோம். "நான் நேர்லயே வந்து சொல்லிடுறேன் சார், நீங்க கேட்டாப் போதும்" என்றார்.

அறைக்கு வெளியே ஒரு துண்டிப்பு சுவிட்ச் வைக்க வேண்டும் என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், அதுதான் இன்னும் நடக்கவில்லை. செலவைத் தரைத்தளத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஏற்க வேண்டுமா, எல்லாருக்கும் சமமா என்ற பேச்சில் நிற்கிறது.

அன்று நேரடி இணைப்பு வேண்டும் என்ற நான்கு பேரில் இருவர் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மோட்டருக்கு மட்டுமாவது மாலை 6 மணிவரை இணைப்புக் கொடுத்துத் தொட்டியை நிரப்பிவிட்டு, காற்று வலுக்கும் முன் துண்டித்திருக்கலாம் என்கிறார்கள். ஆட்கள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அந்தச் சில மணி நேரத்துக்கு அது முடிந்திருக்கும் என்பது அவர்கள் வாதம். அமிலம் படிந்த பேனலைப் பார்த்த பிறகும் அந்த வாதத்தை முழுதாகத் தள்ள எனக்கு முடியவில்லை, நாங்கள் அன்று அந்த நடுவழியைப் பேசவே இல்லை. எனவே அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.